மாமனுக்குக் கட்டின ஒப்பாரி

எங்க அக்கா சென்னம்மாளோட வாய்க்கு மலைமேல எங்க வளப்பூர் நாடே பயப்படும். ஆனா எழவு ஊடுன்னா அவளைத்தான் கூப்பிடுவாங்க. எச்சில் கையால காக்கா ஓட்டாதவன் செத்தாலும், அவ ஒப்பாரி வெச்சா தர்மப்பிரபு ஆயிடுவான்.

வெள்ளைக்காரன் ராச்சியத்துல, மலைக்கு ரோடே இல்லாத காலம் அது. ஒரு மழையில அவ புருசன், எங்க குழந்தைசாமி மாமன், காய்ச்சல்ல படுத்தவர் எந்திரிக்கவே இல்லை. வைத்தியனும் கையை விரிச்சுட்டான். பார்க்க வந்த ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம் குழி எந்தப் பக்கம் தோண்டலாம்னு கண்ணாலயே அளந்துட்டுப் போச்சு. அக்கா என்னடான்னா சாமை குத்திக்கிட்டே ஒப்பாரி கட்ட ஆரம்பிச்சுட்டா. உசுரோட இருக்கறவருக்கு இப்பவே எதுக்குன்னு திட்டினேன். அவர் போற நேரத்துல எனக்கு வார்த்தை வராதுடின்னா.

மலைப்பாறையில தேன் எடுக்கறதுல மாமனை மிஞ்ச ஆளில்லை. அக்கா அன்னைக்கு வாய்தவறி, பங்காளி சின்னுசாமி எடுத்த தேனை இவர் வாங்கித் தின்னதாப் பாடிட்டா. மூணு நாளாக் கண்ணே தொறக்காத மனுசன், "எவன் எடுத்தான்? கயித்துல தொங்கினவன் நானு"ன்னார். பேசின களைப்புக்குக் கஞ்சியும் கேட்டார்.

அக்கா புடிச்சுக்கிட்டா பாருங்க. அன்னையிலிருந்து தெனமும் ஒரு பொய். எருதாட்டத்துல அவர் அடக்கின காளையைக் கன்னுக்குட்டின்னா. அவர் அடிச்ச காட்டுப்பன்னி, தானே வழுக்கி விழுந்து செத்ததுன்னா. அவர் மல்லுக்கு நிக்க, இவ விடாமப் பாட, பத்தாம் நாள் அவளை அடிக்கறதுக்குன்னே கழியை ஊனி எந்திரிச்சு வாசலுக்கு வந்துட்டார். அக்கா உலக்கையைப் போட்டுட்டு அப்பத்தான் அழுதா. எழவுக்குக் காத்திருந்த ஒரம்பரை அவரோடயே உக்காந்து பலாப்பழம் தின்னுட்டுப் போச்சு.

அஞ்சாறு வருசம் கழிச்சு அக்காதான் முந்திக்கிட்டா, பாவி. காலையில மிளகு பறிக்கப் போனவ வயித்துவலின்னு வந்து படுத்தா. உச்சிப்பொழுதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

எங்க பக்கம் ஒப்பாரி பொம்பளைங்க காரியம், ஆம்பளைங்க வெளியில நிக்கோணும். மாமன் கேக்கலை. எங்களை வெலக்கிட்டு அவ தலைமாட்டுல வந்து உக்காந்தார். ராகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இவ கிண்டின களி ஒருநாளும் வாயில வெக்க முடியலைன்னார். இவளைவிடப் பக்கத்தூருப் பாப்பாயிதான் நல்லா ஒப்பாரி வெப்பான்னார். அங்கயே உக்காந்திருந்த பாப்பாயிக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை. சிலதுக முந்தானையில வாயைப் பொத்திச் சிரிச்சுதுக. எனக்கு ஆத்திரம் தாங்கலை. பொணத்துகிட்ட என்ன பேச்சு மாமான்னு சத்தம் போட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவ மூஞ்சியையே பார்த்துக்கிட்டு, "நான் எந்திரிச்சு வந்தேனில்ல சென்னா, நீயும் ஏதாச்சும் சொல்லு"ன்னார்.