பாம்புப் படத்தின் பிழை நோட்டு

செத்துப்போன சிப்பாய் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு. நேரம் நினைவில் இருக்கக் காரணம் உண்டு. அன்று நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பேச்சை முடித்து, அத்தையின் தலையில் பூ வைத்துவிட்டு அவர்கள் கிளம்ப வேண்டும் என்று அம்மா காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

சிப்பாயைப் பற்றிச் சொல்லும் முன் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசூரில் நாங்கள் குடியிருந்த தெருவின் முனையில் ஒரு வீடியோ கடை இருந்தது. சித்தப்பா அங்கே ஒரு கேசட்டை வாடகைக்கு எடுத்து வந்த வாரத்தில் கடைக்காரர் கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. அப்படித்தான் அது எங்களுடையது ஆயிற்று. லேபிள் கிழிந்துபோயிருந்ததால் நாங்கள் அதைப் பாம்புப் படம் என்றே சொல்வோம். கன்னடத்தில் எடுத்து, தமிழில் குரல் கொடுத்த படம்.

அவ்வளவு மோசமான படத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பாம்பு என்பது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய். அது ஊர்ந்து வரும்போது அதை இழுக்கும் நைலான் நரம்பு வெயிலில் மின்னும். முனிவர் கைக்கடிகாரம் கட்டியிருப்பார். ராணி வாயை மூடிய பிறகும் இரண்டு சொல் பேசுவாள். குதிரை கனைக்கும் சத்தம் கேட்கும், திரையில் மாட்டு வண்டி போகும். டிவியில் நல்ல படங்களும் வரத்தான் செய்தன. அவற்றைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவோம். மறுபடி போடச் சொல்லிக் கேட்பது இதைத்தான். அப்பா சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த டிவிக்கு முன்னால் மட்டும்தான்.

அத்தை மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் அப்பாவின் தங்கை. கடிகார உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை. ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கடுகளவு பல்சக்கரங்களில் கீறல் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பாள். எங்கள் கண்ணுக்குத் தெரியாத பிழைகளை எல்லாம் அவள்தான் கண்டுபிடித்தாள். முனிவரின் கடிகாரம் முதலில் பத்தரை, அவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் மூன்று மணி என்று சொன்னது அவள்தான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்போது அவள் துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

"தப்பு பாக்கறது என் வேலை. ஆறு நாளும் அதத்தான் பண்றேன். ஞாயித்துக்கிழமை அதுக்குச் சிரிக்க வேற செய்யணுமா?" என்பாள்.

நோட்டுப் போடச் சொன்னதும் அவளே. கம்பெனிப் பதிவேட்டில் இருப்பதைப் போலவே கட்டம் கட்டிக் கொடுத்தாள். வரிசை எண், இடம், பிழை, கண்டவர். நான் என் பங்குக்கு ஒரு கட்டம் சேர்த்தேன்: சிரித்தவர். அதற்குள் ஆளுக்கு ஒரு பத்தி. சிரித்தால் ஒரு டிக். பதினோரு முறை பார்த்ததில் பிழைகள் நாற்பத்தொன்று சேர்ந்திருந்தன. அத்தையின் பத்தியில் ஒரு டிக்கும் இல்லை.

இருபத்து மூன்றாவது பிழைதான் வீட்டில் எல்லோருக்கும் செல்லம். அரண்மனை வாசலில் நிற்கும் சிப்பாயைப் பாம்பு கடிக்கும். அவர் விழுந்து சாவார். ராணி பக்கத்தில் நின்று நீளமாக வசனம் பேசுவாள். அவளுக்குப் பின்னால் பிணத்தின் இடது கை மெதுவாக எழும்பும், இடது காதைச் சொறியும், பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். சித்தப்பா சாப்பிடும்போதுகூட அதைச் செய்து காட்டுவார்.

அத்தைக்கு அதற்கு முன் மூன்று வரன்கள் வந்து தட்டிப்போயிருந்தன. ஷிப்டுக்குப் போகிற பெண் என்று ஒரு வீட்டில் யோசித்தார்கள், வயது இருபத்தெட்டா என்று இன்னொரு வீட்டில். மூன்றாவது வீட்டில் காரணமே சொல்லவில்லை. இதுவும் போனால் இனிமேல் யாரும் இந்தப் படி ஏற மாட்டார்கள் என்று அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன். அதனால் அன்று நான் மூச்சுகூட அளந்துதான் விட்டேன்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா. பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறவர்கள். மாப்பிள்ளை வந்ததிலிருந்து தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முழுக்க அவருடைய அப்பாதான். டிவிக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார், பனி விழுந்தால் மொட்டு கருகிப்போவதைப் பற்றிப் பேசினார். அத்தை கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலையில் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். பேச்சு ஒரு கணம் ஓய்ந்தது. அப்போது மாப்பிள்ளையின் அப்பா இடது கையை மெதுவாகத் தூக்கி, இடது காதைச் சொறிந்து, கையைத் திரும்ப மடியில் வைத்தார்.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். குரல் வேறு, படத்தில் இருந்த பெரிய மீசையும் இல்லை. ஆனால் கை அதே கை. சித்தப்பா "தண்ணி கொண்டாறேன்" என்று எழுந்து போனார். சமையலறையில் ஒரு சொம்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

யாரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். அவரே ஆரம்பித்தார்.

"டெக்கெல்லாம் வெச்சிருக்கீங்க. நான்கூட ஒரு படத்துல நடிச்சிருக்கேனுங்க."

"தொடங்கிட்டாரு," என்றார் அவர் மனைவி.

"ஜவளகிரி காட்டுல எடுத்தாங்க. மாட்டு வண்டி வேணும்னு என்னைத் தேடி வந்தாங்க. ஆளும் வாட்டசாட்டமா இருக்கான்னு எனக்கும் ஒரு வேஷத்தக் கட்டிவிட்டுட்டாங்க. பாம்பு கடிச்சுச் சாகற வேஷம். அந்தப் படம் நம்ம பக்கத்துக் கொட்டாய்க்கு வரவே இல்ல. எத்தன வருசமாச்சு, இன்னும் பாக்கல."

"நம்ம வீட்ல இருக்கு," என்று ஒரு குரல் சொன்னது. என் குரல்தான். தொலைந்த பொருளைக் கண்டெடுத்துத் தருகிற சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அவர் எழுந்தே விட்டார். கேசட் டெக்குக்குள்தான் இருந்தது. டெக்கின் மேல் நோட்டு இருந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில், "பாம்புப் படம் – பிழைகள்." அவர் இரண்டடி எடுத்து வைப்பதற்குள் நான் போய் அதை எடுத்து, கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன நோட்டு பாப்பா அது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"கணக்கு."

"ஞாயித்துக்கிழமையும் கணக்கா. நல்ல புள்ள."

போன வாரம் கரண்ட் போனபோது படம் பதினேழாவது பிழையில் நின்றிருந்தது. வேகமாக ஓட்டும் பொத்தான் எப்போதோ உடைந்துவிட்டது. பதினேழிலிருந்து இருபத்து மூன்றுக்குப் பதினான்கு நிமிடம். அப்பா பொத்தானை அழுத்தியபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு.

அந்தப் பதினான்கு நிமிடத்தைப் போல நீளமான நேரத்தை நான் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாக்களில்தான் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு பிழையும் எங்கே வரும் என்று எங்களுக்கு மனப்பாடம். வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். பதினெட்டில் ராணி மூடிய வாயோடு பேசினாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். பத்தொன்பதில் குதிரை கனைத்தது.

"அது நம்ம வண்டிதான். வலத்தால கட்டியிருக்கறது செவலை," என்றார் அவர்.

"குதுர கத்தற சத்தமில்ல வருது?" என்றார் அவர் மனைவி.

"சினிமான்னா அப்படித்தான். உனக்கென்ன தெரியும்."

நான் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்தேன். உப்புக் கரித்தது. சித்தப்பா வாசலுக்குப் போய் யாருமில்லாத தெருவைப் பார்த்து நின்றார். அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின. அத்தை சமையலறை வாசலில் அசையாமல் நின்றிருந்தாள். எங்கள் எல்லோரிலும் அவளைப் பற்றி மட்டும்தான் எனக்குப் பயமில்லாமல் இருந்தது.

நாலு மணி ஆறு நிமிடத்துக்குச் சிப்பாய் செத்தார். ராணி வந்து நின்றாள். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்து, முழங்கால்மேல் கைகளை ஊன்றிக்கொண்டு பார்த்தார். திரையில் கை எழும்பியது, காதைச் சொறிந்தது, திரும்பிப் போனது. யாரும் சிரிக்கவில்லை.

"எறும்பு," என்றார் அவர் மெதுவாக. "ரெண்டு மணி நேரம் படுத்திருந்தேன். அசையக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. கட்டெறும்பு காதுக்குள்ள பூந்துடுச்சு. அந்த எடத்த வெட்டி எடுத்துடறோம்னாங்க. எடுக்கல பாருங்க."

நோட்டில் திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்திருந்தது. "எங்க வீட்டுல சொன்னாலே சிரிக்குதுங்க. நீங்க எல்லாரும் மரியாதையா உக்காந்து பாத்தீங்க," என்றார். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா மஞ்சள் பையிலிருந்து வாழை இலையில் சுற்றிய பூவை எடுத்து வெளியே வைத்தார். அப்பா டிவியை நிறுத்தப் போனபோது "ஓடட்டுங்க" என்று தடுத்துவிட்டார் அவர். மணி நாலு பதினெட்டு. பன்னிரண்டு நிமிடம் பாக்கி. அம்மா என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் அவர், எங்கள் அப்பாவிடம். "பொண்ணு வேலைக்கு இந்த மாசத்தோட எழுதிக் குடுத்துடட்டும். எங்க வீட்டுக்கு வந்தப்புறம் கம்பெனி, ஷிப்ட்டு அதெல்லாம் ஒத்து வராது. விடிகாலையில பூப் பறிக்கணும், ஆளுங்களுக்குச் சோறாக்கணும். என்ன சொல்றீங்க?"

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். சமையலறை வாசல் பக்கம் பார்க்கவில்லை.

"சரிங்க. அதுக்கென்ன," என்றார்.

அத்தை சிரித்தாள்.

சின்னச் சிரிப்பு இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அம்மா ஓடிப்போய் அவள் முதுகைத் தட்டினாள், புரையேறிவிட்டது என்பதுபோல. அத்தை அந்தக் கையை விலக்கிவிட்டு, டிவியைப் பார்த்து மறுபடி சிரித்தாள்.

அவர் டிவியைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அவருடைய இடது கை தானாக மேலே எழுந்தது. காது வரை போகவில்லை. பாதியில் நின்று கீழே இறங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா பூவை எடுத்துப் பைக்குள் வைத்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துப் புன்னகைத்ததாக எனக்கு ஒரு ஞாபகம் இருக்கிறது. உறுதியாகத் தெரியாததால் நோட்டில் எழுதவில்லை. நாலு இருபத்து நாலுக்குக் கிளம்பிவிட்டார்கள். ராகு காலத்துக்கு ஆறு நிமிடம் முன்பு. அது ஒன்றுதான் அம்மா திட்டமிட்டபடி நடந்தது.

அப்பா என்னிடம்தான் வந்தார். "கேசட் இருக்குதுன்னு உன்னை யார் சொல்லச் சொன்னது?" என்றார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை போலிருந்தது.

"அவள ஏண்ணா திட்டற," என்றாள் அத்தை. "எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. அவ்வளவுதான்."

நான் அதை முழுக்க நம்பினேன். அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று என் கன்னத்துக்குத் தெரியும். அவளுக்காக வருத்தமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பன்னிரண்டாவது முறையில் பாம்புப் படம் அத்தையையும் சிரிக்க வைத்துவிட்டதே.

பொழுது சாயும் நேரத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். பட்டுச்சேலையை மாற்றிவிட்டு, மறுநாள் முதல் ஷிப்டுக்குப் போட்டுக்கொள்ளும் கம்பெனிக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலரை இரண்டு முறை தேய்த்தாள்.

"அத்த, நீ எந்த எடத்துல சிரிச்ச? நம்பர் போடணும்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தாள். "அப்ப டிவியில என்ன ஓடிச்சு?"

"கெணறு. ஒருத்தர் தண்ணி எறைப்பாரு."

"அப்ப கெணறுன்னே எழுதிக்கோ."

"அதுல தப்பு ஒண்ணும் இல்லையே."

"நல்லாப் பாரு," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி காலரைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஓய்வு பெறும்வரை அத்தை அந்த வேலையை விடவில்லை. அன்றைக்குப் பிறகும் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பாம்புப் படம் பார்த்தோம். ஆனால் இருபத்து மூன்று வரும்போது அத்தை சித்தப்பாவைச் சிரிக்க விடமாட்டாள். "எறும்புன்னு சொன்னாரு இல்ல," என்பாள், அவ்வளவு கடுமையாக. சித்தப்பா சாப்பாட்டு நேரத்தில் காதைச் சொறிந்து காட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பதிவு இது. எண் 42. இடம்: கிணறு. கண்டவர்: அத்தை. சிரித்தவர்: அத்தையின் பத்தியில் ஒரு டிக், மற்ற பத்திகள் காலி. பிழை என்ற கட்டத்தில் பிறகு நிரப்பலாம் என்று இடம் விட்டிருக்கிறேன். டெக் கெட்டுப்போகும்வரை அந்தக் காட்சி வரும்போதெல்லாம் டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். கயிறு சரியாக இருக்கிறது. நிழல் சரியாக விழுகிறது. வாளி காலியாக இறங்கி, தண்ணீரோடு மேலே வருகிறது. எத்தனை முறை பார்த்தும் ஒரு தப்பும் அகப்படவில்லை. நான் திரையில் மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன்.