எக்ஸ்ரே அறையில் ஒரு கைக்குழந்தைக்காரி

எக்ஸ்ரே எடுப்பவளுக்கு ஊரார் எலும்பெல்லாம் தெரியும். தன் பிள்ளை பால் குடித்தானா என்பது மட்டும் தெரியாது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடும் சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிடித்த மூச்சு

நாடு சுதந்திரம் அடைந்த மெர்டேக்காவுக்கு மறுவருஷம். பிரசவ விடுப்பு முடிந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருந்தேன். கிளேபாங் ஊர் மீன்காரர் ஒருவரை நெஞ்சுப் படத்துக்கு நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். படம் எடுத்ததும் மகன் நினைப்பில், மூச்சை விடச் சொல்லாமலே, படம் கழுவும் இருட்டறைக்குள் போய்விட்டேன். பதறித் திரும்பினால், மனிதர் கன்னம் உப்ப அப்படியே நிற்கிறார். நான் மன்னிப்புக் கேட்க, அவர் இரைக்க இரைக்கச் சொன்னார்:

"கவர்மெண்டு ஆஸ்பத்திரியாச்சே மிஸ்ஸி, சொல்லாம எப்படி விடுறது?"

ஒன்றரை மணி நேரம்

எங்கள் வீடு காஜா பேராங்கில். வீட்டுக்காரர் பிற்பகல் பள்ளி ஆசிரியர். காலையில் பிள்ளை அவர் பொறுப்பு. பன்னிரண்டரைக்கு அவர் கிளம்ப வேண்டும், நான் வீடு சேர இரண்டு மணி ஆகும். அந்த இடைவெளியைப் பக்கத்து வீட்டுச் சிட்டி அக்காதான் சமாளித்தார். அவருக்குத் தமிழ் வராது, எல்லாம் மலாய்தான். திடீரென்று தெங்கேராவிலிருக்கும் மகளோடு தங்கப் புறப்பட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். அவர் மலாயில் சொன்னது இது:

"உன் பிள்ளை என்னை அம்மான்னு நினைக்கிறதுக்குள்ள நான் போறதே நல்லது."

திறக்க முடியாத கதவு

மறுநாள் வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்து, எங்கள் தலைமை எக்ஸ்ரேக்காரர் துரைராஜா கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினார். நான் இருட்டறையில் படம் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே மகன் வீறிடுகிறான், கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுப் படமெல்லாம் பாழ். கை தானாகவே தாழ்ப்பாளுக்குப் போனது. அதற்குள் வெளியிலிருந்து துரைராஜாவின் குரல் வந்தது:

"கதவைத் தொடாதே. திறந்தா பத்துப் பேர் படம் போச்சு; இவன் கத்தினா என் காது ஒண்ணுதான் போகும்."

ராஜினாமா

இனி நடக்காது என்று முடிவு செய்தேன். அந்த வேலை எனக்கு உயிர். ராஜினாமாவை அழுதுகொண்டேதான் எழுதினேன். துரைராஜா அதைப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சுவரிலிருந்த வேலை அட்டவணையை எடுத்து, ஆறு மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போகும்படி என் நேரத்தை மாற்றினார். மதிய நோயாளிகளுக்கு நேராகத் தன் பெயரை எழுதிக்கொண்டார். பேனாவை மூடியபடி என்னைப் பார்த்தார்:

"வேலையை விடுறேன்னு ஒரு பக்கம் எழுதத் தெரியுது. நேரத்தை மாத்திக் கொடுங்கன்னு ஒரு வரி எழுத வரலையா?"

பிள்ளை பெற்றவளுக்கு உத்தியோகம் சரிப்படுமா என்று ஊரே கேட்டது, நானும் கூடச் சேர்ந்து கேட்டேனே தவிர, கேட்க வேண்டியவரிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.