தட்டில் இல்லாத நான்கு விநாடி

வரதன் சார் போய்விட்ட செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு மாதமாக நான் என்ன பாடுபட்டேன் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை. அப்பா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கோவிந்தன் அண்ணன் வேர்க்க விறுவிறுக்க வாசலில் வந்து நின்றார். மயிலாப்பூரில் வரதன் சார் குடியிருந்த தெருவில்தான் அவருக்கும் வீடு. வேலை மட்டும் வடபழனியில், ஒரு ஸ்டூடியோவில் லைட்மேன். அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் மூன்றடி இருந்தால் அதிகம். ஆனால் கோவிந்தன் அண்ணன் அப்பாவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னார்:

"செம்பகம், உங்க நைனாகிட்ட சொல்லிடும்மா. வரதன் சாரு பூட்டாரு. பல்லு வெளக்கிக்கினு இருந்தவரு அப்டியே குந்திட்டாராம். மாரடைப்பாம்."

பேப்பர் தாழவில்லை. அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: "எப்ப எடுக்காங்கன்னு கேளு, ஏட்டி."

நான் கேட்டேன். சாயங்காலம் நாலு மணி என்று அவர் என்னிடம் சொன்னார். மூன்றடிக்கு நான் தபால்காரி! ஒரு மனிதர் செத்துப்போன செய்தியைக்கூட நேராகச் சொல்லிக்கொள்ளாத இரண்டு பெரியவர்கள். காரணம், ஒரு புல்லாங்குழல். அது இருந்ததா இல்லையா என்பதுதான் சண்டை.

நம் ஞாயிறு சபையின் கையெழுத்துப் பத்திரிகையில் இதுவரை நான் எழுதியதெல்லாம் துணுக்கும் கிண்டலும்தான். இந்தத் தடவை அஞ்சலியை நீயே எழுது என்று அப்பா சொல்லிவிட்டார். "மரியாதையா எழுது. பொடி வைக்காதே" என்று எச்சரிக்கை வேறு. வரதன் சாரைப் பற்றிப் பொடி வைக்காமல் எழுதினால் அது வேறு யாரையோ பற்றியதாகிவிடும். மன்னிக்கவும்.

புதிதாக இதழ் போகும் வீடுகளுக்காக: ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எங்கள் கோபாலபுரம் வீட்டு ஹாலில் சினிமா இசைத்தட்டுக் கேட்கச் சபை கூடும். ரேடியோகிராம் எங்களுடையது. அப்பாவின் தி.நகர் ஜவுளிக்கடை ஒரு தீபாவளிக்கு நன்றாக ஓடியபோது வந்தது. தட்டில் முள்ளை வைக்கும் உரிமை எனக்கு மட்டும்தான், என் கை நடுங்காது என்பதால். எனக்கு 'ஊசி' என்று பெயர் வைத்தவர் வரதன் சார். "ஊசி இருக்காளோ? வச்சாச்சோ?" இதுதான் அவர் உள்ளே நுழையும்போது சொல்வது. செருப்பைக் கழற்றுவது அதற்குப் பிறகு.

லஸ்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை. வருகிறவர்கள் மூக்கில் ஒரு சட்டத்தை மாட்டி, அதில் கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா… அதுவா? எது தெளிவு?" என்று நாள் முழுக்கக் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை கண்ணை விட்டுவிட்டுக் காதுக்கு வருவார். படத்தில் கேட்ட இசையும் தட்டில் வந்த இசையும். இதுவா, அதுவா? ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் 'படம்', வலப்பக்கம் 'தட்டு' என்று எழுதியிருப்பார். எந்தத் தட்டு வந்தாலும் அவர் தீர்ப்பு ஒன்றுதான்: "படத்துல இருக்கு. தட்டுல இல்லை."

அம்மா ஒரு நாள் உப்புமாவைக் கொண்டுவந்து வைத்து, "படத்துல இருக்கது இருக்கட்டும், தட்டுல இருக்கதைத் தின்னுங்க, ஆறிப்போவுது" என்றாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "முந்திரி போன வாரம் இருந்தது. இந்த வாரம் தட்டுல இல்லை" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

பிறகு ரயில் படம் வந்தது. எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். கடைசியில் அந்தப் பெண் பிளாட்பாரத்தில் நிற்க ரயில் நகருமே, அதே படம். அதன் எல்.பி. தட்டில், வழக்கத்துக்கு மாறாக, இரண்டாம் பக்கம் கடைசியில் அந்த ரயில் காட்சியின் பின்னணி இசையையும் சேர்த்திருந்தார்கள். பாட்டு இல்லை, வசனம் இல்லை, மூன்று நிமிடமும் வாத்தியங்கள்தான். சபையில் எல்லோருக்கும் சந்தோஷம். வரதன் சார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது அது இல்லை" என்றார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் கஷ்டகாலம். "ஊசி, திரும்ப வை." "ஊசி, இன்னும் கொஞ்சம் முன்னாலேருந்து." ஒரே காலையில் பதினொரு தடவை வைத்திருக்கிறேன். படத்தில் வேகம் குறைவு என்றார். படத்தில் பதினாறு வயலின், தட்டில் எட்டு என்றார். கோவிந்தன் அண்ணன் சிரித்தார்: "இன்னா சாரு, அந்த ரூம்ல பதினாறு பேரு எங்க குந்துவான்? ஒருத்தன் மடில ஒருத்தனா?"

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டி அவர் ஒன்று சொன்னார். படத்தில், ரயில் நகரும்போது எல்லா வயலினும் சட்டென்று நின்றுவிடுகிறது. நாலு விநாடி ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரே ஒரு வயலின். தட்டில் அந்த நாலு விநாடியை வெட்டி ஒட்டிவிட்டார்களாம்.

"சார், இல்லாததை எப்படி சார் வெட்ட முடியும்?" என்றேன்.

"சத்தத்தை வெட்டினாக்கூட மன்னிச்சுடலாம், ஊசி. சும்மா இருந்ததை வெட்டலாமோ? அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்கோ. தறியில ரெண்டு புடவைக்கு நடுவுல கொஞ்சம் நெய்யாம விடுவாளே, அதை வீண்னு சொல்லுவேளா?"

"அது இல்லாட்டா எங்க வெட்டுறது?" என்றார் அப்பா, தொழில் முறையில்.

"அவ்வளவுதான்!"

அந்த ஞாயிறு முழுக்க, தட்டில் இல்லாத ஒரு மௌனத்தைப் பற்றி ஐந்து பேர் தொண்டை வறளக் கத்தினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கு அந்த நாலு விநாடிதானே வேண்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மேட்னி. வரதன் சாரும் அப்பாவும் முன்வரிசையில். நேர் பின்வரிசையில் அம்மாவும் நானும். ரயில் வருவதற்குள் அம்மா தூங்கிவிட்டாள். கொடி அசைந்தது, ரயில் நகர்ந்தது, வயலின்கள் நின்றன. தியேட்டரே மூச்சைப் பிடித்திருந்தது. நான் உதட்டைக் குவித்து, மெல்ல, மூன்றே மூன்று சுரம் விட்டேன்.

ஆமாம், விசில்தான். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பழகியது. வீட்டில் விசில் சத்தம் கேட்டால் ரேடியோகிராமைப் பூட்டிச் சாவியைக் கடைக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். பெண்பிள்ளை விசிலடித்தால் வீடு விளங்காதாம். அப்பா, இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும்.

வரதன் சார் துள்ளி எழுந்து கத்துவார், வாசலில் வைத்து உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்பது என் திட்டம். அவர் தலைகூடத் திரும்பவில்லை. துள்ளியது அப்பா! வெளியே வந்ததும், "சார், கேட்டியளா? ஒரு கொழல் வந்துச்சுலா! என்னா சுகம்! அதைத் தட்டுல விட்டுட்டான் பாருங்க!" என்றார். அப்பாவின் முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததே இல்லை. வாயைத் திறக்க முடியவில்லை.

மறுநாள் சபையில் குழல் ஊதப்பட்டது. கோவிந்தன் அண்ணன் ஒப்பவில்லை. "அண்ணாச்சி, அந்த மூஜிக்கு ரிக்கார்டு எடுத்தன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். கொயலு வாசிக்கிறவருக்கு ஜொரம், ஆளே வர்ல. படத்துல கொயலு இல்ல, உன் காதுலதான் கொயலு கீது."

"கேக்கத் தெரிஞ்சவனுக்குக் கேக்கும் வே. லைட்டைத் தூக்குதவனுக்கு என்ன தெரியும்?"

அப்பா அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கோவிந்தன் அண்ணன் அப்போதே எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் வந்து ஹாலின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார், வரதன் சாருக்காக. அப்பா இந்தக் கோடியில். சபை குழல் கட்சி, குழப்பக் கட்சி என்று இரண்டானது. தியேட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கும் கேட்டது என்று மூன்று பேர் சத்தியம் செய்தார்கள். நான் அன்றைக்கு வீட்டில் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யோசித்துப் பார்த்தால், வரதன் சார் ஒரு தடவைகூடக் குழல் இருக்கு என்று சொல்லவே இல்லை. அவருடைய தீர்ப்பை அதற்கு மட்டும் அவர் வழங்கவில்லை. "அண்ணாச்சி கேட்டிருக்கார். கோவிந்தன் இல்லைங்கறார். ஊசி என்ன சொல்றா?" என்பார். நான் தட்டைத் துடைப்பேன். துடைத்துத் துடைத்தே அது தேய்ந்திருக்கும்.

அவர் எங்களை இன்னும் மூன்று மேட்னிக்கு அழைத்துப்போனார். ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்வரிசையில்தான் உட்கார்ந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வெளியே வந்து, "இன்னிக்கு வரலையே" என்பார், பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி. ஐயோ, வராத குழலுக்குக் காத்திருக்கிறாரே, இவ்வளவு அப்பாவியா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

போன மாதம் என் கண்ணாடியை மாற்றப் போனேன். சட்டத்தை மாட்டி, சில்லைப் போட்டு, "இதுவா… அதுவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அதே குரலில், "குழலா… வேறயா?" என்றார்.

"கு… குழல்தான் சார்."

சட்டத்தைக் கழற்றினார். "பார்வை ஜோரா இருக்கு. பேச்சுதான் கொஞ்சம் மங்கல்." சில்லை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கிவிட்டு, நிமிராமலே சொன்னார்: "ரெண்டு பேர் மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டு இருக்கா. பார்க்க நன்னாயில்லை. ஒருத்தர் மனசு வச்சா முடிஞ்சுடும்."

புரியாத மாதிரி நின்றேன். வரும் ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். நாலு ஞாயிறாக அப்படியே நினைத்தேன். ஐந்தாவது ஞாயிறுக்கு அவர் இல்லை. வரதன் வராத ஞாயிறு. எழுதிப் பார்த்தேன், என் சிலேடைகளிலேயே ரசிக்க முடியாதது இதுதான்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் அக்காவைப் பார்க்கப் போனோம். "பாட்டு நோட்டு. எனக்கு ஒண்ணும் புரியலை. நீ வச்சுக்கோம்மா" என்று என்னிடம் கொடுத்தார். ரயில் படத்துக்கு மட்டும் ஒன்பது பக்கம். 'அமைதி, நாலு விநாடி. படம்: உண்டு. தட்டு: இல்லை.' இது தெரிந்ததுதான். அதற்கு அடுத்த வரியைப் படித்துவிட்டு நான் அவர் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

'குழல், மூன்று சுரம். படம்: இல்லை. தட்டு: இல்லை. பின் அணி: உண்டு. ஆகவே இதுதான் அசல் பின்னணி இசை. சுருதி சுத்தம். ஊசியே சொல்லட்டும்.'

எல்லாம் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே மூன்று மேட்னி! நான் செய்த குறும்பை என்னிடமிருந்தே பிடுங்கி, இரண்டு மாதம் எனக்கே திருப்பி வாசித்திருக்கிறார். அந்தப் பின்னணிச் சிலேடையும் நியாயமாக என்னுடையது. அதையும் முந்திக்கொண்டு போய்விட்டார். சண்டை போடலாம் என்றால் ஆள் இல்லை. இதைவிட எரிச்சல் உண்டா? நான் இன்னொரு தடவை விசிலடிப்பேனா என்றுதானா அந்த மனிதர் எனக்கு முன்னால் போய்ப் போய் உட்கார்ந்தார்? அடித்திருக்கலாம். சும்மா கிடந்த வாய்.

எனவே, சார், சொல்லிவிட்டேன். கோவிந்தன் அண்ணே, படத்தில் குழல் இல்லை, நீங்கள் சொன்னது சரி. அப்பா, உங்கள் காதில் ஒன்றும் கோளாறில்லை, நீங்கள் கேட்டதும் சரி. என்ன சுகம் என்று நீங்கள் சொன்னது உங்கள் மகளைத்தான். இனிமேல் நடுவில் என்னால் தபால் கொண்டுபோக முடியாது.

ஆத்மா சாந்தியடையட்டும் என்று முடிக்கச் சொன்னார்கள். சாந்தியா, அவருக்கா? நாலு விநாடிக்கு மேல் தாங்கமாட்டார். "இது அது இல்லை" என்று எழுந்துவிடுவார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது அந்த நாலு விநாடியைத்தான். சாவி கடைக்குப் போகாமல் இருந்தால், வரும் ஞாயிறு ஒன்பது மணிக்கு இரண்டாம் பக்கம் கடைசி இசையை வைப்பேன். கோவிந்தன் அண்ணன் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். வயலின்கள் நின்று ஒட்டுப் போட்ட இடம் வந்ததும் முள்ளைத் தூக்கி, நாலு எண்ணும்வரை கையில் பிடித்திருந்து, அதே இடத்தில் திரும்ப இறக்குவேன். என் கை நடுங்காது என்று சொல்லியிருக்கிறேன், பார்ப்போம். அதற்குள் யாரும் இருமாதீர்கள், உப்புமா கேட்காதீர்கள். விசில் வருமோ என்று திரும்பியும் பார்க்க வேண்டாம். பின் அணியில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் முன்னால் நிற்பேன்.