இரண்டாம் பாகத்தில் அத்தையின் குரல்

முள்ளம்பன்றிக் குட்டிக்கு எங்கள் அத்தைதான் பேசியிருக்கிறாள் என்று நான் சொன்னபோது ஸ்கூல் வேனில் ஒருவரும் நம்பவில்லை. நம்பவைக்க என்னிடம் அத்தாட்சியும் இல்லை. அது வெளிநாட்டுக் கார்ட்டூன் படம். தமிழில் குரல் கொடுத்தவர்களின் பெயரைத் திரையில் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். ஆனால் கோடை விடுமுறையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தியேட்டரில் படம் ஓடியபோது காட்டூரில் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். குட்டி முதல் தடவை சிரித்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. விக்கல் வந்ததுபோல நடுவில் உடைந்து உடைந்து வரும் அந்தச் சிரிப்பு வேறு யாருக்கும் இருக்க முடியாது. அன்றிலிருந்து வேனில் எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பிறவியிலேயே குரல் கொஞ்சம் கரகரப்பு. பெண் பிள்ளைக்கு இப்படியா குரல் இருக்கும் என்று உறவினர்கள் வருத்தப்படுவார்கள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், ஹாஸ்டல் தோழிக்குத் துணையாக ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனவளை, அவள் பேசுவதைக் கேட்ட யாரோ மைக் முன்னால் நிறுத்திவிட்டார்களாம். அந்தக் கரகரப்புக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். பிறகு தாத்தா காலமானார். இனி தனியாக அங்கே எதற்கு என்று அப்பா போய் அழைத்து வந்துவிட்டார். இங்கே ஒரு நர்சரி பள்ளியில் அத்தை டீச்சரானாள்.

அவள் எங்களோடு வந்து இருந்ததில் என்னைவிட அம்மாவுக்குத்தான் சந்தோஷம். இரண்டு பேரும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். தன் சிநேகிதியைத் தன் அண்ணனுக்குக் கட்டி வைத்ததே அத்தைதான். காந்தி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனாலும் சேர்ந்தே போவார்கள். திரும்பி வரும்போது எதையாவது பேசிச் சிரித்து, பஸ்ஸில் டிக்கெட் வாங்க மறந்து, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். முள்ளம்பன்றிப் படத்துக்கும் நாங்கள் மூவரும்தான் போனோம். முள்ளுக்குப் பயந்து யாரும் கிட்டே சேர்க்காத குட்டிக்கும் ஒரு நொண்டி வாத்துக்கும் உண்டாகும் நட்புதான் கதை. குட்டி பேசப் பேச அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தையோ, "இங்க ஒரு எடத்துல மூச்சு விட்டுட்டேன்டி, கேட்டுச்சா?" என்று கவலைப்பட்டாள்.

இரண்டாம் பாகம் தியேட்டருக்கு வரவே இல்லை. நேராக டிஸ்க்காக வந்துவிட்டது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில் தொங்கிக்கொண்டிருந்ததை நான்தான் பார்த்தேன். அட்டையில் அதே குட்டி, அதே வாத்து, மூலையில் சிவப்பு எழுத்தில் 'தமிழில்' என்று இருந்தது. நான் துள்ளிக் குதித்தேன். அம்மா துள்ளவில்லை.

"வேணாம்டி. தியேட்டருக்கு வராத படம்னா நல்லா இருக்காது" என்றாள்.

நான் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். கடைசியில் வாங்கிக் கொடுத்தாள். வரும் வழியெல்லாம், சத்தம் போடாமல் நான் மட்டும் பார்க்க வேண்டும், அத்தைக்குக் காட்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அத்தைக்குத் தெரியாமல் வைத்திருந்து திடீரென்று காட்டி ஆச்சரியப்படுத்தப் போகிறோம் என்று நான் புரிந்துகொண்டேன். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டு ஹாலில் உட்கார வைத்தேன். ஃபாக்டரிக்கு விடுமுறை என்பதால் அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்த அத்தையிடம் டிஸ்க் அட்டையை நீட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தாங்க?" என்றாள்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுவரோரமாகப் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

படம் ஆரம்பித்தது. படம் வரைந்திருந்த விதமே மட்டமாக இருந்தது. வாத்தின் கால் நொண்டக்கூட இல்லை. குட்டி புதரிலிருந்து தலையை நீட்டி, "நண்பா, எங்கே போனாய்?" என்றது. வழவழப்பான, இனிப்பான ஒரு குரல். பால் பாட்டில் விளம்பரத்தில் வரும் அம்மாக்களின் குரல். பிள்ளைகள் எல்லோரும் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"இது உங்க அத்தை இல்லையே" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"மொதப் படத்துலயும் வேற யாரோதான் போலருக்கு" என்றான் அவள் தம்பி.

அத்தை சிரிக்க முயன்றாள். "இது நான் இல்லம்மா. வேற யாரோ பேசியிருக்காங்க. நல்லாத்தானே பேசுறாங்க? என்னை அவங்க கூப்பிடல. அவ்வளவுதான்."

எனக்கு அவமானம் தாங்கவில்லை. கூப்பிடாத அத்தைக்கு வேனில் என்ன மதிப்பு? அப்போதுதான் நினைவுக்கு வந்த ஒரு நல்ல செய்தி என் கையில் இருந்தது. அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"கூப்பிட்டாங்களே! மெட்ராஸ்லேருந்து போன் வந்துச்சே! அப்பாதானே பேசுனாங்க!"

பேப்பர் அசையவில்லை. அத்தை என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள். குரலை உயர்த்தாமல், "அப்பா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

எனக்கு மற்றவர்களைப் போலப் பேசிக் காட்டுவது நன்றாக வரும். அத்தைதான் பழக்கியிருந்தாள். அப்பாவைப் போலவே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "அவங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சுங்க. இனிமே இதெல்லாம் பண்ண மாட்டாங்க. இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க."

பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் போன் வந்த சமயத்தில் அத்தையைப் பெண் பார்க்கக்கூட யாரும் வந்திருக்கவில்லை.

"நெசமா அண்ணே?" என்றாள் அத்தை.

"புள்ளைங்க முன்னாடி என்ன பேச்சு?"

"யார் பேசுனாங்கன்னு பேராச்சும் கேட்டீங்களா?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "ஒரு மிருகத்துக்குப் பேசுறதுக்கு மெட்ராஸ்ல போய் உக்காந்தா எவன் கட்டுவான்? உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார். செய்து முடித்த வேலையைப் பற்றிச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் அம்மா பையோடு உள்ளே வந்தாள். டிவியில் ஓடும் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அத்தை எழுந்து நின்றாள்.

"உனக்கும் தெரியுமாடி?"

அம்மா பையிலிருந்து வெங்காயத்தை எடுத்துக் கூடையில் போட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"அவர்தான் சொல்லக் கூடாதுன்னாரு" என்றாள் கடைசியில். "நான் என்னடி பண்ணுவேன்?"

அத்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் படத்தை முழுவதும் பார்த்தோம். முடிவில் குட்டியும் வாத்தும் சண்டை தீர்ந்து கட்டிக்கொண்டன. முள் குத்தவே இல்லை.

மறுநாள் ஸ்கூல் விட்டதும் அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போன் பூத்துக்குப் போனாள். பழைய ஒலிப்பதிவுக் கூடத்து நம்பருக்குப் பேசினாள். அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இப்போது இல்லையாம். கண்ணாடிக் கதவுக்குள் நின்று, "முள்ளம்பன்றிக்குப் பேசினேனே, நான்தாங்க" என்று மறுபடியும் மறுபடியும் சொன்னது எனக்கு வெளியே கேட்டது. வெளியே வந்தவள் எனக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

கே.கே. நகரிலிருந்து ஒரு வரன் வந்து அத்தையின் சம்மதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த வாரமே சரி என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்குத் தான் நினைத்தது சரிதான் என்று பெருமை. தெரிந்தவர்களிடமெல்லாம் தங்கையின் பக்குவத்தைப் பற்றிச் சொன்னார்.

கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் மணப்பெண் அறையில் அம்மா பூச்சரத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அத்தையின் தலையில் வைக்கக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும் அண்ணி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? பார்லர்க்காரங்க வெச்சுடுவாங்க. நீங்க போய் வந்தவங்களைக் கவனிங்க" என்றாள் அத்தை.

அறையில் இருந்த அப்பாவின் பெரியம்மா மகிழ்ந்து போனார். இத்தனை வருஷமாக அண்ணியை வாடி, போடி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கல்யாணம் என்றதும் எப்படி ஒரு அடக்கம் வந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் மெச்சிக்கொண்டார். எனக்கும் அது பிடித்திருந்தது. எங்கள் டீச்சரும் பெரியவர்களை நீங்க என்றுதான் சொல்ல வேண்டும் என்பார்.

அம்மா என்னை வெளியே கூட்டிவந்து, பட்டுப்பாவாடை அவிழாமல் கட்டிவிட்டு, என் சடையைப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். அத்தைக்கு வைக்காத பூச்சரம் அவள் மடியில் கிடந்தது.

"அத்தை இப்பல்லாம் உன்கிட்ட எவ்வளவு மரியாதையா பேசுறாங்க, பாத்தியாம்மா?" என்றேன்.

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு கண்ணில் நீர் வரும்படி என் முடியை இறுக்கி இழுத்தாள். சொல்லக் கூடாத எதைச் சொல்லிவிட்டேன் என்று தெரியாமல் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.