பெரியக்காவின் தொடையும் அரைக் கரண்டிப் பருப்பும்

கரண்டி நுனியால் கொதிக்கிற பருப்பைத் தொட்டு, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்க்கிறார் பெரியக்கா. ஒரு நொடி கண்ணை மூடுகிறார். பிறகு உப்பு ஜாடிக்குக் கை போகும், அல்லது போகாது. ஆலைக் கேன்டீனில் காலை ஷிஃப்டுக்கு மட்டும் முந்நூறு பேர் சாப்பிடுகிறார்கள். அத்தனை பேர் நாக்குக்கும் அந்த உள்ளங்கைதான் பொறுப்பு.

விடிவதற்கு முன்பே சாமான் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. ஸ்டோர் என் கையில் இருக்கிறது. பெரியக்கா மூட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இது ஏமாத்துது தம்பி" என்பார். மூட்டையைச் சொல்கிறாரா என்னைச் சொல்கிறாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போன வருடம் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அவருடைய வலது கால் முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த அன்று தொடை பாதியாக இளைத்திருந்தது. அவருக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்ததாம். "இத்தனை வருஷம் நின்னு உழைச்ச காலு, ரெண்டு மாசம் படுத்ததுக்கே இப்படிக் காட்டிக் குடுக்குது பாரு" என்று காலையே திட்டியிருக்கிறார். இப்போதும் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க மேடையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. யாராவது பார்த்துவிட்டால் மேடையைத் துடைப்பதுபோல் பாவனை செய்வார். அறுபதைத் தாண்டிய மனுஷிக்கு இருக்கிற வீறாப்பைப் பாருங்கள்.

கட்டுப் பிரித்த ஆஸ்பத்திரியிலேயே ஓர் ஆராய்ச்சி நடந்தது. வயதானவர்கள் அமினோ அமிலம் கலந்த பானத்தைக் குடித்தால் கால் தசை புதிதாக எவ்வளவு புரதம் கட்டுகிறது என்று பார்க்கிறார்கள். வெறும் வயிற்றோடு போய்ப் படுக்க வேண்டும். தொடையை மரத்துப்போகச் செய்து, ஊசியால் மிளகளவு தசை எடுப்பார்கள். பானம் குடித்துச் சில மணி நேரம் ஆனதும் இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஆள் வேண்டும் என்றதும் முதலில் கை தூக்கியவர் இவர்தான்.

அதைக் கேன்டீனில் அவர் விளக்குகிற அழகே தனி. "நாம திங்கிற பருப்பு, முட்டை எல்லாம் வயித்துல அமினோ அமிலமா உடைஞ்சு, ரத்தத்தோட தசைக்குப் போகுதாம். அதை வெச்சுத்தான் தசை தன்னையே கட்டிக்குது. ஆனா சாமான் வந்து இறங்கினா மட்டும் சமையல் ஆயிடுமா தம்பி? அடுப்பைப் பத்த வைன்னு ஒருத்தர் சொல்லணும்ல? அந்த அமிலத்துலயே ஒண்ணு அதையும் சொல்லுதாம். வயசான தசைக்குக் காது மந்தம், கொஞ்சம் சத்தமா சொல்லணும். எவ்வளவு சத்தம்னு என் தொடையில பார்க்கிறாங்க." 'என்' என்கிற இடத்தில் குரல் ஒரு படி ஏறும். பரிமாறுகிற பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவர் முதல் நாளே கோட்டை விட்டார். காலைப் பருப்பை இறக்கிவைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். முதல் ஊசி முடிந்து, டாக்டரம்மா பானத்தைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, இவர் நாக்கில் பல்லிடுக்கிலிருந்து ஏதோ தட்டுப்பட்டது. பருப்புத் தோல். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சொன்னால் ஆராய்ச்சியிலிருந்தே அனுப்பிவிடக்கூடும். கேன்டீன் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று, எந்த முகத்தோடு திரும்புவது?

"டாக்டரம்மா, நான் வெறும் வயிறு இல்ல. உப்புப் பார்த்தேன், கைப்பழக்கம். அப்புறம் வெந்துச்சான்னு ஒரு அரைக் கரண்டி."

டாக்டரம்மா கலக்குவதை நிறுத்தினார். "ஒரு சொட்டுன்னா பரவாயில்லம்மா. அரைக் கரண்டின்னா, இப்ப எடுத்ததை வெச்சுக்க முடியாது. வேற நாள் வந்து முதல்லேருந்து பண்ணணும். திரும்பவும் ஊசி. வேண்டாம்னா விலகிக்கலாம், தப்பில்ல."

"விலகுறதா? குத்துங்க. என் கால்லேருந்து போற சேதி பொய்யா இருக்கக் கூடாது."

இதை என்னிடம் சொன்னபோது அவர் தலை குனியவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, நானே போய்ச் சொல்லிவிட்டு வந்ததுபோல.

மறுபடி போக வேண்டிய நாள் விடியலில் பருப்பு மூட்டையோடு உள்ளே நுழைந்தேன். அடுப்பருகே அவர் கணவர் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற லாரி டிரைவர். தட்டில் எது விழுந்தாலும் "நல்லாருக்கு" என்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற மனிதர்.

"உப்புப் பார்க்க இவரா?" என்று பெரியக்காவிடம் கேட்டேன். "இந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தியைக் கூப்பிட்டிருக்கலாமே."

"அதுங்க நாக்கு வேற தம்பி. நாப்பது வருஷமா என் உப்பைத் தின்ன நாக்கு இவருதுதான்."

கணவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பருப்பு கொதித்தது. கரண்டி நுனியிலிருந்து பெரியக்காவின் இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. கை தன் பாட்டுக்கு உதட்டருகே போய்விட்டது. அங்கேயே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, கணவரின் வாய்க்கு நேராக நீண்டது.