எச்சில் இலை பார்க்கிறவள்

சென்னையில் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிக்க என் சித்தி தில்லையம்மாள் பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லை. வாசலில் நிற்கும் கூட்டத்தையும் பார்க்கவில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் நுழைந்து, எச்சில் இலை கொட்டும் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இங்க வாணாம்டி. பொரியல் பூரா அப்பிடியே கெடக்குது."

திருவல்லிக்கேணியில் நாங்கள் போன முதல் கடை அது. நான் செல்போனில் தேடி எடுத்த கடை. நூற்றுக்கணக்கானவர்கள் பாராட்டி எழுதியிருந்தார்கள். சித்தி அதைக் காதிலேயே வாங்கவில்லை.

அவள் சிதம்பரத்தில் கல்யாணச் சமையல் செய்கிறவள். பிறந்தது சேத்தியாத்தோப்பு. கல்யாணமாகி சிதம்பரம் வந்த புதிதில், பக்கத்துத் தெருவில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குச் சமையல்காரர் வராமல் போனார். அன்றைக்கு அகப்பையைப் பிடித்தவள் பிறகு கீழே வைக்கவில்லை. காது குத்து, வளைகாப்பு, கல்யாணம், காரியம் என்று கடலூர் வரைக்கும் அவளைக் கூப்பிட்டார்கள். வடலூரில் தைப்பூசத்துக்கு அன்னதானம் போடும் ஒரு குழுவுக்கும் வருஷா வருஷம் அவள்தான் சாம்பார் வைத்தாள்.

அவள் அடுப்பை விட்டு நகர மாட்டாள். பந்தியைப் பார்த்துக்கொண்டது அவள் கணவர் சேரன் சித்தப்பா. பரிமாறுவதை மேற்பார்வை பார்ப்பார். பந்தி முடிந்ததும் எச்சில் இலையை அவரே எடுப்பார். மற்றவர்களுக்கு அது கேலியாக இருந்தது.

"ஏன் மச்சான், இலை எடுக்க ஒரு ஆளு போட்டா குடியா முழுகிடும்?" என்று அவருடைய தங்கை வீட்டுக்காரர் ஒருமுறை என் எதிரிலேயே கேட்டார்.

"ஆளு போட்டா இலைய எடுப்பான். பாக்க மாட்டான்" என்றார் சித்தப்பா.

அவர் பார்ப்பார். யார் எதை ஒதுக்கினார்கள், எதை இரண்டாம் முறை கேட்டு வாங்கி வழித்துச் சாப்பிட்டார்கள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வருவார். "கூட்டுல உப்பு பத்தல தில்ல. பாதி இலைல நிக்குது" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிடுவார். சித்தி முகத்தைச் சுளிப்பாள். அடுத்த பந்திக்குள் கூட்டு சரியாகியிருக்கும். சாப்பிட்டவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. சொல்வதற்கு முன்பே அவர் சொல்லியிருப்பார்.

கொரோனா இரண்டாம் அலையில் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. இருவரையும் ஒரே ஆஸ்பத்திரியில், வேறு வேறு வார்டுகளில் படுக்க வைத்தார்கள். சித்தப்பா இறந்ததை சித்திக்கு மறுநாள்தான் சொன்னார்கள். உடலை அவள் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்றும் அவள் படுக்கையில்தான் கிடந்தாள். வீட்டில் படையல் போடவில்லை. நான் அப்போது வியட்நாமில் ஒரு தங்கும் விடுதியில் வேலை செய்துகொண்டு, விமானப் போக்குவரத்து நின்றுபோனதால் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தேன். செல்போனில் என் அம்மா அழுவதைக் கேட்டதோடு சரி.

சித்தி பிழைத்தாள். மூக்கு மட்டும் பிழைக்கவில்லை.

கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று எல்லாரையும்போல் அவளும் நினைத்தாள். ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போனாள். உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரிந்தன. அண்டாவில் சாம்பார் அடிபிடித்த வாடை மூக்குக்குத் தெரியவில்லை. உதவிக்கு வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். சாப்பிட்டவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரமாதம்க்கா" என்றார்கள். கொல்லைப்பக்கம் கை கழுவப் போனபோதுதான் சித்தி பார்த்தாள். குவிந்து கிடந்த இலைகளில் சாம்பார் சோறு அப்படி அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் ஒரு வேலையும் ஒத்துக்கொள்ளவில்லை.

வைகாசியில் சித்தப்பாவின் முதல் வருஷத் திதி வர இருந்தது. முதல் படையலும் அதுதான். படையலுக்குச் சமைப்பதை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. இலையில் போட்டு, கற்பூரம் காட்டி, காக்கை எடுத்த பிறகுதான் மனிதர் நாக்கில் படலாம். அதுவரைக்கும் சமைக்கிறவளுக்கு மூக்குதான் துணை. சித்தப்பாவின் தங்கை எழிலரசி அத்தை நல்ல மனசோடுதான் சொன்னாள்: "இந்த ஒரு வாட்டி நான் பண்ணிடறேன் அண்ணி."

"அவரு ஒரு வருஷமாப் பட்டினி கெடக்கிறாரு. உன் சமையலையா போடுறது?" என்றாள் சித்தி.

எழிலரசி அத்தை சமையல் அப்படி ஒன்றும் மோசமில்லை.

திதிக்கு முன்னால் மூக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் சென்னைக்கு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினாள். நான் அப்போதுதான் கடலூருக்குத் திரும்பியிருந்தேன். மஞ்சக்குப்பத்து வீட்டில் நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்துகொண்டிருந்தேன். "ஒரு எடத்துல இருக்க முடியலல்ல, உன் சித்தியோட போ" என்று அம்மா பையைக் கையில் கொடுத்துவிட்டாள்.

டாக்டர் பொறுமையானவர். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். வரலாம், வராமலும் போகலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எலுமிச்சை, கிராம்பு என்று சின்னச் சின்னச் சீசாக்கள் கொடுத்து, தினமும் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். அடுத்த சோதனைக்கு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னதால் லாட்ஜில் தங்கினோம்.

"இந்தச் சீசால என்னாடி இருக்குது, வெறும் தண்ணியாட்டம்" என்றாள் சித்தி. "நல்ல கடையா பாத்துக் கூட்டிட்டுப் போ. அடுப்பு எரியிற எடத்துல போயி நின்னா, எதுனா ஒண்ணு உள்ள போவாதா?"

இப்படித்தான் நாங்கள் சென்னையில் கடை கடையாக அலைந்தோம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், பாரிமுனை. எந்தக் கடைக்கும் முதலில் பின்பக்கம் போய்விட்டுத்தான் முன்பக்கம் வருவாள். மயிலாப்பூரில் ஒரு கடையின் தொட்டியருகே அவள் குனிந்து நின்றதைப் பார்த்து, பாத்திரம் கழுவும் அம்மா பதறிவிட்டாள்.

"இன்னாமே, அதுல போய்க் கைய வச்சிக்கினு? பசிக்குதா? இரு, இரு."

உள்ளே ஓடிப்போய் இலையில் கட்டிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. சித்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நீ நல்லாருக்கணும் தாயி" என்றாள். சந்து முனைக்கு வந்ததும், "இலைலாம் சுத்தமாத்தான் இருந்துச்சு. வா, உள்ள போயி காசு குடுத்தும் தின்போம்" என்றாள்.

அவள் முறையும் எப்போதும் பலிக்கவில்லை. பாரிமுனையில் ஒரு சின்ன மெஸ்ஸில் இலைகள் வழித்த மாதிரி இருந்தன. ஆசையோடு உட்கார்ந்தோம். குழம்பு வெறும் தண்ணீர். சுற்றிலும் மூட்டை தூக்குகிறவர்கள் உட்கார்ந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். சித்தி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாவம், பசியில தின்னுருக்காங்க. இதைக் கணக்குல சேத்துக்கக் கூடாது" என்று தன் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தாள்.

ஒவ்வொரு கடையிலும் சாப்பாடு வந்ததும் குனிந்து மூச்சை இழுப்பாள். ரசத்தின் ஆவி முகத்தில் அடிக்கும். காப்பி டம்ளரை மூக்கிலேயே கவிழ்த்துக்கொள்வதுபோல் பிடிப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

"என்னாடி வாசனை?"

"நல்லா இருக்கு சித்தி."

"நல்லாருக்குன்னு சொல்லத்தான் ஊர்ல அத்தினி பேரு இருக்காங்களே. அதைக் கேக்கவா பஸ்ஸு ஏறி வந்தேன்? நான் கேட்டது வாசனைய."

நான் ரசத்தை மறுபடி முகர்ந்தேன். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ சாப்பிட்டிருக்கிறேன். எதையும் அப்படி நின்று முகர்ந்ததில்லை. "பெருங்காயம் தூக்கலா இருக்கு. மிளகு கம்மி. தாளிச்ச நெய் பழசு மாதிரி ஒரு வாடை அடிக்குது."

சித்தி நிமிர்ந்தாள். "பழைய நெய்யா? அப்பிடிச் சொல்லு" என்று ரசத்தைக் கலக்கிக் குடித்தாள். அந்த மூன்று நாட்களில் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது அப்போதுதான்.

இரண்டாவது முறையும் டாக்டர் அதையேதான் சொன்னார். கோயம்பேட்டில் சிதம்பரம் பஸ் ஏறினோம். திண்டிவனம் தாண்டிய பிறகு, சித்தி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"திதிக்கு இருப்பியா, இல்ல அதுக்குள்ள எங்கினா பறந்துடுவியா?"

"இருக்கேன்."

"வர்றவ அடுப்புகிட்டயே நிக்கணும். அங்க இங்க போவக் கூடாது."

திதியன்று காலையில் சிதம்பரத்து வீட்டின் கொல்லையில் விறகடுப்பு மூட்டினாள். சோறு, பருப்பு, வடை, பாயசம். எல்லாவற்றையும் விட முக்கியம் கத்தரிக்காய் கொத்சு. சித்தப்பாவுக்கு அது இருந்தால் இட்லியும் வேண்டாம், சோறும் வேண்டாம். கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி மசித்து, புளி ஊற்றி, கொத்துமல்லி விதையையும் மிளகாயையும் வறுத்துப் பொடித்துப் போடுவது. மல்லி வறுபடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அரை நிமிஷம் முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் கசப்பு.

"இப்ப?"

"இன்னும் பச்சையாத்தான் இருக்கு சித்தி."

"இப்ப?"

"லேசா வருது."

அந்த நேரம் பார்த்து எழிலரசி அத்தை கூடத்திலிருந்து வந்து, தலைவாழை இலை எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். நான் திரும்பிக் கையைக் காட்டினேன். அவ்வளவுதான். மறுபடி சட்டிப் பக்கம் முகம் திருப்பியபோது வாசனை மாறியிருந்தது. அதிகமாக இல்லை. மெல்லிசாக ஒரு புகை, அதன் ஓரத்தில் ஒரு கசப்பு. அத்தையும் அதை முகர்ந்துவிட்டாள். சித்தியின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி, வேண்டாம், சொல்லாதே என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். வீட்டில் வேறு மல்லி இல்லை. கூடத்தில் பெரியவர்கள் காத்திருந்தார்கள். ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப எப்பிடிடி?" என்றாள் சித்தி. கரண்டி நிற்கவில்லை.

"கருகிடுச்சு சித்தி."

அவள் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டியை இறக்கி, வறுத்ததை முழுவதும் சாம்பலில் கொட்டினாள்.

"லேசாத்தான் அண்ணி! அவ சின்னப் பொண்ணு, என்னா தெரியும்? ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப மல்லிக்கு எங்க போவ? ராகுகாலம் வந்துடும்" என்று அத்தை படபடத்தாள்.

"எல்லா பந்தியும் முடிஞ்ச அப்பறந்தான் உங்க அண்ணன் சாப்பிட உக்காருவாரு. இன்னிக்கு மட்டும் அவருக்கு என்னா அவசரம்? ராகுகாலம் முடிஞ்சே வரட்டும்."

பக்கத்து வீட்டு சலீமா பீவியிடம் போய் மல்லி கேட்டதே அத்தைதான். ஒரு சம்புடத்தோடு திரும்பி வந்தாள். இந்த முறை யார் கூப்பிட்டும் நான் திரும்பவில்லை. "இறக்கு" என்றேன். சித்தி இறக்கினாள்.

படையல் போட்டபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அத்தை வீட்டுக்காரர் கற்பூரம் காட்டினார். மதில்மேல் வைத்த சோற்றைக் காக்கை சீக்கிரமே எடுத்தது. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சித்தப்பாவுக்குப் படையல் போட்ட இலைக்கு முன்னால் சித்தி உட்கார்ந்தாள். யாரும் பிரமாதம் என்று சொல்லவில்லை. அத்தை மட்டும் கொத்சை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் நான் இலை எடுத்தேன். சித்தி சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்தேன். கொல்லைக்கு வந்து அவளிடம் சொன்னேன்.

"எல்லா இலையும் காலி சித்தி. வடைதான் ரெண்டு மூணு இலைல நிக்குது, எண்ணெய் ஜாஸ்தி."

"கொத்சு?"

"ஒரு இலைல மட்டும் அப்படியே இருக்கு. அதை எடுக்காம வச்சிட்டு வந்தேன்."

அது யாருடைய இலை என்று அவள் கேட்கவில்லை.

"புளிக்குது, ஒறைக்குது. வேற ஒண்ணுமே தெரியலடி. எப்பிடித் தின்றது?" என்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். "அவரு இலைல எதையும் மீதி வைக்க மாட்டாரு."

காலியான பந்தியில் அந்த ஒற்றை இலைக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். கொத்சைச் சோற்றோடு பிசைந்து ஒரு வாய் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னாடி வாசனை?"

இலைப் பக்கம் குனிந்தேன். "மொதல்ல நல்லெண்ணெய் வருது சித்தி. அது பின்னாலயே கத்தரிக்கா. அப்பறம் மல்லி. கருகல. சரியா வறுபட்டிருக்கு."

"ம். சொல்லு" என்று அடுத்த வாயை எடுத்தாள்.

இலை காலியாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.