கட்டையில் இருந்த ஆணி

கொத்தனாரின் மணியாசுக் கட்டைக்குப் பதினெட்டு வயது. சிமெண்ட் பூச்சைத் தேய்த்துத் தேய்த்தே அதன் அடிப்பலகை பாதியாகிவிட்டது. என்றோ பிடி ஆடியபோது அவரே மேலிருந்து அடித்த ஆணி, அன்று அடியில் எட்டிப் பார்த்து, கூடத்துச் சுவரெங்கும் கோடு இழுத்துவிட்டது.

வீட்டுக்காரர் கத்தியதும், "மச்சினன் பூசின சுவருங்க" என்று கூசாமல் சொன்னார் கொத்தனார். கூடவே வேலை பார்த்த மச்சினன் வாயே திறக்கவில்லை. வீட்டுக்காரர் வேலையைவிட்டு நிறுத்தியபோது, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான். கொத்தனார் கட்டையை மணல் குவியலுக்குள் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை மச்சினன் வந்தான், கையில் மணலிலிருந்து தோண்டியெடுத்த அதே கட்டையோடு. புதுப்பலகை மாட்டி, ஆணிக்குப் பதில் மரமுளை அடித்திருந்தான்.

"இனிமே கோடு விழாது, அத்தான்."

வாங்கிக்கொள்ள அவருக்குக் கை நீளவில்லை.